உங்களுக்குத் தெரியுமா? கேசட்டில் வளர்ந்த கறுப்பு இசை

பிளாக் மெட்டல் என்றாலே "வெறும் கூச்சல்" என்று காதைப் பொத்திக்கொள்பவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கூச்சலுக்கு நாற்பது ஆண்டுக் கதை இருக்கிறது. அரசாங்கமும் சந்தையும் கைகொடுக்காத ஊர்களில், கேசட்டாகக் கைமாறிக் கைமாறி வளர்ந்த இசை அது. போலந்தில் நடந்ததும் பெங்களூரில் நடந்ததும் இந்த ஒரு விஷயத்தில் அச்சு அசல் ஒன்றுதான். நம் பெங்களூரின் ஒக்கலிபுரம், ஸ்ரீராமபுரம் பக்கம் கிட்டார் வாங்கித் தரச் சொல்லி அடம்பிடிக்கும் பிள்ளைகளும், வாங்கித் தரலாமா என்று யோசிக்கும் பெற்றோரும் சேர்ந்தே படிக்க இந்தத் துணுக்குகள்.

வேர்கள்

★ ஆல்பம் கொடுத்த பெயர். இங்கிலாந்தின் நியூகாசிலைச் சேர்ந்த வெனம் என்ற மூவர் குழு 1982-ல் தன் இரண்டாவது ஆல்பத்துக்கு 'பிளாக் மெட்டல்' என்று பெயர் வைத்தது. ஒரு முழு இசை வகைக்கே அது பெயராகிவிட்டது. வெனம், ஸ்வீடனின் பத்தோரி, சுவிட்சர்லாந்தின் ஹெல்ஹாமர், டென்மார்க்கின் மெர்சிஃபுல் ஃபேட் ஆகிய குழுக்களை முதல் அலை என்பார்கள். இன்று ஒரு புதிய ஆல்பத்தை 'ஓல்டு ஸ்கூல்' என்று ரசிகர்கள் பாராட்டினால், பெரும்பாலும் இவர்களின் சாயல் அதில் இருக்கிறது என்று பொருள்.

★ விரல் நுனி போன தொழிலாளி. மெட்டல் இசைக்கே அடித்தளம் போட்ட பிளாக் சப்பாத் குழுவின் டோனி அயோமி, பர்மிங்காமில் ஒரு தகரத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 17 வயதில் இயந்திரத்தில் சிக்கி வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கை வாசிப்பாளர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய விரல்களே அவை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து மாட்டிக்கொண்டார். பின்னாளில் அழுத்த எளிதாக இருக்கட்டும் என்று கம்பிகளையும் தளர்த்தினார். சுருதி இறங்கியது, இசை கனத்தது. அந்தக் கனம்தான் இன்றுவரை மெட்டலின் அடையாளம்.

★ அச்சகம் தந்த நிறம். பத்தோரி குழுவின் முதல் ஆல்பம் 1984-ல் வந்தது. ஒலிப்பதிவு நடந்தது ஸ்டாக்ஹோமில் ஒரு கார் ஷெட்டில். உறையில் தங்க நிறத்தில் ஆட்டுத் தலை வர வேண்டும் என்பது திட்டம். அச்சில் வந்ததோ மஞ்சள். அந்த முதல் 1,000 பிரதிகளை 'மஞ்சள் ஆடு' என்று பெயர் சொல்லித் தேடி வாங்குகிறார்கள். நார்வேயின் மேஹெம் 1987-ல் வெளியிட்ட 'டெத்கிரஷ்' தட்டுக்கும் இதே கதி: சிவப்பு கேட்டார்கள், இளஞ்சிவப்பு வந்தது. அதுவும் 1,000 பிரதிகள்தான்.

★ சாத்தானின் சுரம், நம் கல்யாணி. ஒரு ஸ்தாயியைச் சரிபாதியாக வெட்டும் இடைவெளிக்கு ஐரோப்பிய இசை நூல்கள் 'இசையில் சாத்தான்' என்று பெயர் வைத்தன. பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பத்தின் முதல் ரிஃப்பே (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி, 1970) அந்த இடைவெளியில் பிறந்ததுதான். நம் கணக்கில் அது ஷட்ஜத்துக்கும் பிரதி மத்தியமத்துக்கும் உள்ள தூரம். 72 மேளகர்த்தாக்களில் பின்பாதி 36-லும் அந்த மத்தியமம் உண்டு. கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர் மங்களமாகக் கல்யாணி வாசிக்கும்போதும் அதே சுரம்தான் ஒலிக்கிறது.

★ சரளி வரிசையும் சாவு மெட்டலும். பாட்டு வகுப்பில் பிள்ளைகள் முதலில் கற்கும் ராகம் மாயாமாளவகௌளை. அதே சுரங்களை மேற்கில் 'டபுள் ஹார்மோனிக்' என்பார்கள். பிளாக் மெட்டல் கலைஞர்களும் அதன் உடன்பிறப்பான டெத் மெட்டல் கலைஞர்களும் இருள் சூழ்ந்த ரிஃப்புக்கு ஆசையோடு எடுக்கும் வரிசைகளில் அதுவும் ஒன்று. அவர்கள் இன்னும் அதிகம் புழங்கும் 'ஃபிரிஜியன்' நம் தோடி. 'ஃபிரிஜியன் டாமினன்ட்' நம் வகுளாபரணம். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இந்த இசையின் சுரங்கள் அந்நியம் அல்ல. பழகிக்கொள்ள வேண்டியது அதன் ஒலித்தன்மையை மட்டும்தான்.

★ நொடிக்குப் பதிமூன்று. பிளாக் மெட்டல் கிட்டாரில் ஒரே கம்பியைப் பிளெக்ட்ரத்தால் மேலும் கீழும் விடாமல் அடிப்பார்கள். இதற்கு டிரெமலோ பிக்கிங் என்று பெயர். நிமிடத்துக்கு 200 துடிப்பு வேகத்தில் ஒரு துடிப்புக்கு நாலு அடி என்றால் நிமிடத்துக்கு 800, நொடிக்குப் பதிமூன்றுக்கும் மேல். அத்தனை வேகத்தில் தனித்தனி அடி காதுக்குத் தெரியாது, நீண்ட ஒரே நாதமாகக் கேட்கும். பின்னால் டிரம்மர் ஸ்னேரையும் பேஸ் டிரம்மையும் மாற்றி மாற்றி அடிப்பது பிளாஸ்ட் பீட். மணிக்கட்டைத் தளர்வாக வைக்காவிட்டால் இரண்டாவது பாட்டிலேயே கை பிடித்துக்கொள்ளும்.

★ அலறலுக்கும் பயிற்சி உண்டு. தொண்டையில் நாம் பேசப் பயன்படும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே 'போலிக் குரல்நாண்கள்' என்று ஒரு ஜோடி மடிப்பு உண்டு. உறுமலிலும் அலறலிலும் பெரும்பங்கு அவற்றுக்கு. அடிவயிற்றிலிருந்து மூச்சை அளந்து விட்டு, அவற்றை அதிர வைக்க வேண்டும். வெறுமனே கத்தினால் ஒரே வாரத்தில் குரல் போய்விடும். நியூயார்க்கின் மெலிசா கிராஸ் என்ற குரல் ஆசிரியை மெட்டல் பாடகர்களுக்கென்றே பயிற்சிமுறை வகுத்து 2005-ல் டிவிடியாக வெளியிட்டார்.

★ வெள்ளையும் கறுப்பும். முகத்தில் பிணம் போல வெள்ளை பூசி, கண்ணைச் சுற்றிக் கறுப்பு தீட்டும் வழக்கம் பலர் நினைப்பதுபோல நார்வேயின் பிளாக் மெட்டல் குழுக்களிடம் பிறந்ததல்ல. 1968-லேயே இங்கிலாந்தின் ஆர்தர் பிரவுன் பூசினார். பிறகு ஆலிஸ் கூப்பர், கிஸ், கிங் டைமண்ட், பிரேசிலின் சர்க்கோஃபாகோ. தெருக்கூத்தில் அரிதாரம் ஏறியதும் ஊர்க்காரர் மறைந்து துரியோதனன் வந்து நிற்பதைப் போல, இங்கும் பூச்சு ஏறியதும் மனிதர் மறைந்து பாத்திரம் எழுகிறது.

போலந்து

★ ராணுவச் சட்டமும் ரேடியோவும். 1981 டிசம்பர் 13 அன்று போலந்தில் ராணுவச் சட்டம் வந்தது. 1983 ஜூலை வரை நீடித்தது. கடையில் ரொட்டிக்கே வரிசை, வெளிநாட்டு இசைத்தட்டு எங்கே கிடைக்கும்? ஆனால் போலந்து வானொலியில் ஓர் அருமையான வழக்கம் இருந்தது. மேற்கத்திய ஆல்பங்களை முழுசாக ஒலிபரப்புவார்கள். வீடுகளில் டேப் ரெக்கார்டரைத் தயாராக வைத்துக் காத்திருந்து பதிவு செய்துகொள்வார்கள். ஒரு தலைமுறையின் இசைக்கல்வியே இப்படித்தான் நடந்தது.

★ இரும்புத்திரைக்குள் அயர்ன் மெய்டன். இங்கிலாந்தின் அயர்ன் மெய்டன் தன் 'வேர்ல்டு ஸ்லேவரி' உலகச் சுற்றுப்பயணத்தை 1984 ஆகஸ்ட் 9 அன்று வார்சாவில் தொடங்கியது. கம்யூனிச நாடு ஒன்றில் முழு மேடை, முழு ஒளியமைப்போடு நடந்த அந்தப் பயணத்தை ஆவணப்படமாகவும் எடுத்தார்கள். அதே குழு பெங்களூருக்கு வர இன்னும் 23 ஆண்டுகள் ஆயின.

★ பறக்கும் தட்டுக்குள் மெட்டல். நிலக்கரிச் சுரங்க நகரமான கட்டோவிட்சேயில் பறக்கும் தட்டு வடிவில் 1971-ல் திறந்த அரங்கம் ஸ்போடெக். 1986-ல் தொடங்கிய மெட்டல்மேனியா விழாவுக்கு அதுதான் வீடு. 1987 பிப்ரவரியில் மெட்டாலிகா அங்கே வாசித்தபோது முன்னதாக மேடையேறியது உள்ளூர்க் குழுவான காட்.

★ தாய்மொழியில் ஒரு முதல் ஆல்பம். காட் குழு 1986-ல் ஏறக்குறைய ஒரே பாடல்களை இரண்டு மொழிகளில் கொடுத்தது. வெளிநாட்டுக்கு ஆங்கிலத்தில் 'மெட்டல் அண்ட் ஹெல்', உள்நாட்டுக்குப் போலிஷ் மொழியில் '666'. இன்றும் போலந்து ரசிகர்கள் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டது போலிஷ் ஆல்பத்தைத்தான். வெனம் காட்டிய வழியில் வந்த முரட்டு இசை, ஆனால் பாட்டு சொந்தப் பேச்சில். பாடகர் ரோமன் கொஸ்த்ஷெவ்ஸ்கி 2022 பிப்ரவரி 10 அன்று மறைந்தார்.

★ தபால்தலைக்குப் பசை. 1980-களில் உலகெங்கும் மெட்டல் ரசிகர்கள் தபாலில் கேசட் மாற்றிக்கொண்டார்கள். மாணவர்கள், வேலையில்லாதவர்கள். தபால் செலவுக்கே திண்டாட்டம். தபால்தலையின் மேல் மெல்லிசாகப் பசை தடவி அனுப்புவார்கள். முத்திரை மை பசையின் மேல் விழும். வாங்கியவர் அதைக் கழுவித் தபால்தலையைத் திருப்பி அனுப்புவார், மறுபடி ஒட்டலாம். கடித முடிவில் "தலைகளைத் திருப்பி அனுப்பவும்" என்று எழுதுவது அந்தக் காலத்து வழக்கம்.

★ 130 மீட்டர் நாடா. ஒரு சி-90 கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், நீளம் ஏறத்தாழ 130 மீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கூடும், கூர்மையான ஒலிகள் மங்கும். நாலாவது, ஐந்தாவது நகலைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த மங்கலே இசையின் பகுதியாகிவிட்டது. இன்றைய ஓல்டு ஸ்கூல் ஆல்பங்களில் வேண்டுமென்றே கரடுமுரடாக ஒலிப்பதிவு செய்வதன் வேர் இங்கே இருக்கிறது.

★ ஒரு டெமோ, பத்தாயிரம் பிரதி. ஓல்ஷ்டினில் 1983-ல் தொடங்கிய வேடர் குழு, 1990-ல் 'மார்பிட் ரைக்' என்ற டெமோ (மாதிரிப் பதிவு) கேசட்டை வெளியிட்டது. சுமார் 10,000 பிரதிகள் போனதாகச் சொல்வார்கள். டெத் மெட்டல் டெமோக்களில் அதிகம் விற்றவற்றுள் ஒன்று. அதைக் கேட்டுத்தான் இங்கிலாந்தின் இயரேக் நிறுவனம் கூப்பிட்டது. 1992-ல் முதல் ஆல்பம்.

★ பதினேழு வயதுப் பையனின் ஆல்பம். இந்தப் பகுதியில் நான் எல்லோரையும் கேட்கச் சொல்வது 'ஸ்வென்டெவித்' (1995). கிடான்ஸ்க் துறைமுக நகரத்தின் பெஹிமத் குழுவுடைய முதல் முழு ஆல்பம். ஒலிப்பதிவு 1994-ல். கிட்டாரும் பாட்டும் நெர்கல் எனப்படும் ஆடம் டார்ஸ்கி, 1977-ல் பிறந்தவர். கிட்டார் ஒலி மெலிந்து தகரம் போல ஒலிக்கும், டிரம் எங்கோ தூரத்தில் இடிக்கும், நடுநடுவே அக்கூஸ்டிக் கிட்டார் தனியாக வந்து போகும். பத்தோரியின் பாதிப்பு ஒளிவுமறைவில்லாமல் தெரியும். ஆனால் ஆல்பத்தின் பெயர் நான்கு தலை கொண்ட ஸ்லாவியத் தெய்வத்துடையது. பால்டிக் கடலோரம் அர்கோனாவில் அந்தத் தெய்வத்துக்கு இருந்த கோவிலை 1168-ல் டென்மார்க் படை இடித்தது. ஒலியை அடுத்த நாட்டிலிருந்து எடுத்துக்கொண்ட பையன், சொல்ல வேண்டியதைத் தன் மண்ணில் தோண்டி எடுத்தான். ஓல்டு ஸ்கூல் ஆல்பம் ஒன்றில் நான் தேடுவது இதைத்தான்.

★ முகமில்லா மேடை. கிராக்கோவின் ம்க்வா 2000-ல் தொடங்கிய குழு. மேடையில் தோல் சட்டை, தலைமூடி, முகம் முழுக்கக் கறுப்புத் துணி. 2015-ல் வந்த 'எக்சர்சைசஸ் இன் ஃப்யூட்டிலிட்டி' ஆல்பத்தின் ஆறு பாடல்களுக்கும் தனிப்பெயர் கிடையாது, வெறும் ரோமன் எண்கள். டிரம்மர் சிம்பலில் மட்டும் காட்டும் நுணுக்கத்தைக் கேட்கவே பலமுறை ஓட விடலாம்.

★ வழிபாட்டு வடிவில் எட்டு. அதே 2015-ல் பியாவிஸ்தோக்கின் பதுஷ்கா வெளியிட்ட 'லிதூர்கியா' ஆல்பம் கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் தேவாலய வழிபாட்டின் இசை வடிவத்தைப் பிளாக் மெட்டலுக்குள் கொண்டுவந்தது. மொழி பழைய திருச்சபை ஸ்லாவோனிக். எட்டுப் பாடல்கள், எட்டுக்கும் ஒரே பெயர், எண் மட்டும் வேறு.

★ போலந்து இன்ஜினியரும் பெங்களூரும். வார்சாவில் பிறந்த மாரிஸ் ஃபிரீட்மன் 1930-களில் மைசூர் சமஸ்தானத்தின் மின்கருவித் தொழிற்சாலையை நடத்தப் பெங்களூர் வந்தார். அழைத்தவர் திவான் மிர்சா இஸ்மாயில். பிறகு வாண்டா டைனோவ்ஸ்கா என்ற போலந்துப் பெண்மணியோடு சேர்ந்து சென்னையில் 1944-ல் 'போலந்து-இந்திய நூலகம்' என்ற பதிப்பு வரிசையைத் தொடங்கினார். நம் நூல்கள் போலிஷ் மொழிக்குப் போனது அந்த வழியில். போலந்துக்கும் நம் ஊருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் புதிதல்ல.

பெங்களூரு

★ ரயில் கொண்டுவந்த தமிழ். 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. அந்தத் தண்டவாளத்தோடு வளர்ந்தது பெங்களூர்த் தமிழர் வாழ்வு. மெஜஸ்டிக் ரயில் நிலையத்தை ஒட்டிய ஒக்கலிபுரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இருக்கின்றன. உலகக் குழுக்கள் வந்து வாசித்த பேலஸ் கிரவுண்ட்ஸ் இங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான்.

★ 1991-லேயே. பொருளாதாரக் கதவு திறந்த அதே ஆண்டில் பெங்களூரில் ஒரு குழு பிறந்தது. முதல் பெயர் மிசாந்த்ரோப், பின்பு டையிங் எம்ப்ரேஸ். மெதுவான, கனத்த டூம்-டெத் இசை. 1998-ல் 'குரோட்டெஸ்க் என்டிட்டி', 2001-ல் 'செரெனேட்ஸ் ஆஃப் டிப்ரேவிட்டி'. இந்தியாவின் மிகப் பழைய எக்ஸ்ட்ரீம் மெட்டல் குழுக்களில் ஒன்று. இணையம் வீட்டுக்கு வராத காலத்தில், கிடைத்த கேசட்டைக் கேட்டு, கிடைத்த ஆம்ப்ளிஃபையரில் உருவான ஒலி அது.

★ அலகாபாத் பத்திரிகை. 1993-ல் அமித் சைகல் அலகாபாத்தில் தொடங்கிய 'ராக் ஸ்ட்ரீட் ஜர்னல்' இந்திய ராக், மெட்டல் குழுக்களை ஒன்றோடொன்று அறிமுகப்படுத்தியது. ஷில்லாங்கில் யார் வாசிக்கிறார்கள் என்று பெங்களூர்ப் பையன் தெரிந்துகொண்டது அதைப் படித்துத்தான். அமித் சைகல் 2012 ஜனவரியில் மறைந்தார்.

★ மார்ச் 17, 2007. அயர்ன் மெய்டன் இந்தியாவில் தன் முதல் கச்சேரியைப் பேலஸ் கிரவுண்ட்ஸில் நடத்திய நாள். பெரிய மெட்டல் குழு ஒன்று புகழின் உச்சத்தில் இந்தியாவுக்கு வந்த முதல் நிகழ்ச்சி என்று ரசிகர்கள் அதை இன்றும் கொண்டாடுகிறார்கள். நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் ரயிலேறி வந்தார்கள். அடுத்த ஆண்டு மெகாடெத், 2010-ல் லாம்ப் ஆஃப் காட், 2012-ல் ஸ்லேயர் என்று வரிசையாகப் பெங்களூரைத் தேடி வந்தன.

★ டெல்லி விட்டதைப் பெங்களூர் பிடித்தது. 2011 அக்டோபர் 28 அன்று டெல்லி அருகே குர்கானில் மெட்டாலிகா வாசிக்க இருந்தது. தடுப்பு உடைந்து குழப்பம், கச்சேரி ரத்து. இரண்டே நாளில், அக்டோபர் 30 அன்று பேலஸ் கிரவுண்ட்ஸில் அதே குழு பெருங்கூட்டத்துக்கு முன் முழுக் கச்சேரியை நடத்தி முடித்தது.

★ ஐரோப்பாவுக்குப் போன முதல் குழு. 1998-ல் தொடங்கிய பெங்களூரின் கிரிப்டாஸ், 2010-ல் ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்த முதல் இந்திய மெட்டல் குழு. 1980-களின் இரட்டைக் கிட்டார் இசையும் நோலன் லூயிஸின் கரகரப்பான குரலும் அதன் முத்திரை. 2004-ல் 'ஸ்பைரல் அசென்ட்', 2016-ல் ஜெர்மனியின் ஏஎஃப்எம் நிறுவனம் வழியாக 'பர்ன் அப் த நைட்', 2024-ல் 'டெசிமேட்டர்'. கால் நூற்றாண்டுக்கு மேலாக நாகரிகத்துக்காகத் தன் ஒலியை மாற்றிக்கொள்ளாத குழு.

★ கன்னடத்தில் உறுமல். பெங்களூரின் த்வேஷ குழு 2008-ல் தொடங்கியது. பழைய பாணி டெத் மெட்டல், பாட்டு முழுக்கக் கன்னடம். 2014-ல் வந்த 'ஸ்தூப' ஆல்பத்தை ஒரு ஜெர்மன் நிறுவனம் வெளியிட்டது. அதில் உக்கிர நரசிம்மர் வருகிறார், புலியை வீழ்த்திய சளனின் ஹொய்சளக் கதை வருகிறது. காட் போலிஷில் செய்ததை இவர்கள் கன்னடத்தில் செய்தார்கள்.

★ 800 பேரில் தொடங்கியது. ஜெர்மனியின் வாக்கன் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத கிராமம். 1990-ல் அங்கே நடந்த முதல் மெட்டல் விழாவுக்கு வந்தவர்கள் சுமார் 800. இன்று முக்கால் லட்சத்துக்கும் மேல். 2011-ல் அதன் போட்டி மேடைக்கு இந்தியா சார்பில் போனது பெங்களூரின் எக்சென்ட்ரிக் பெண்டுலம். 2013-ல் கிரிப்டாஸ் வாசித்தது. 2012 முதல் நம் ஊரில் நடக்கும் 'பெங்களூர் ஓப்பன் ஏர்' விழாவுக்கும் வாக்கனோடு தொடர்பு உண்டு.

★ பத்து மணிக்கு முடிய வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. அதனால் நம் ஊர் மெட்டல் விழாக்கள் மதியமே தொடங்கிவிடும். அது நியாயம்தான், தூங்குபவர் தூங்க வேண்டும். ஆனால் உணவகங்களில் நேரடி இசைக்குத் தனி உரிமம் கேட்கும் 2005-ஆம் ஆண்டு நகர உத்தரவை உச்ச நீதிமன்றம் 2018-ல் உறுதிசெய்த பிறகு, சின்னக் குழுக்கள் வாசித்த பல மேடைகள் மௌனமாகின. புதுக் குழு வளர்வது நூறு பேர் நிற்கும் சின்ன அறையில்தான். நகரம் அந்த அறைகளைக் காப்பாற்றித் தர வேண்டும்.

★ காதுக்குக் காவல். 85 டெசிபெல் ஒலியை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்பது தொழில்நலக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல் என்றால் வெறும் 15 நிமிடம். மெட்டல் கச்சேரியில் 100 என்பது சாதாரணம். மருந்துக் கடையில் கிடைக்கும் நுரை அடைப்பானை உருட்டி, காது மடலை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, விரிந்து நிரம்பும்வரை அழுத்திக்கொள்ளுங்கள். ஒலி சற்று மங்கும், ஆனால் இசை கேட்கும், காதும் பிழைக்கும். பிள்ளைகளைக் கச்சேரிக்கு அனுப்பும் பெற்றோர் இதைக் கட்டாயம் சட்டைப்பையில் வைத்து அனுப்ப வேண்டும்.

தமிழர் பக்கம்

★ ஐஐடி வளாகத்தில் ஓப்பெத். உறுமலையும் மென்பாட்டையும் ஒரே பாடலில் கோக்கும் ஸ்வீடன் குழு ஓப்பெத், 2009-ல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் வாசித்தது. மான்கள் திரியும் அந்த வளாகத்தின் கச்சேரியை நேரில் கண்டவர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள்.

★ சிங்கப்பூரின் ருத்ரா. 1992-ல் சிங்கப்பூர்த் தென்னிந்தியக் குடும்பங்களின் பிள்ளைகள் தொடங்கிய குழு ருத்ரா. பாட்டும் பேஸ் கிட்டாரும் கதிர், டிரம் சிவா. 1998-ல் முதல் ஆல்பம். பிளாக், டெத் மெட்டலின் வேகத்தில் உபநிடதக் கருத்துகளையும் சமஸ்கிருத மந்திரங்களையும் கலந்தார்கள். 'வேதிக் மெட்டல்' என்ற பெயர் அவர்களோடு ஒட்டிக்கொண்டது. 2005, 2009, 2011-ல் வந்த 'பிரம்மவித்யா' மூன்று ஆல்பங்கள் அவர்கள் உழைப்பின் உச்சம். நார்வேயின் பிளாக் மெட்டல் இளைஞர்கள் மதத்தைச் சாட எடுத்த கருவியைக் கொண்டு, இவர்கள் அத்வைதம் பேசினார்கள். 2009-ல் சிங்கப்பூர் ஆய்வாளர் யூஜீன் டைரியநாதன் இவர்களின் இசையையும் அங்குள்ள தென்னிந்தியச் சமூகத்தையும் பற்றி ஆய்வுக்கட்டுரையே எழுதினார்.

நிறைவாக

★ கறையும் உண்டு, மறைக்க வேண்டாம். 1992 ஜூன் 6 அன்று நார்வேயில் பெர்கன் அருகே ஃபான்டாஃப்ட் மரத் தேவாலயம் எரிக்கப்பட்டது. வேறு பல தேவாலயங்களும் எரிந்தன. 1993 ஆகஸ்டில் மேஹெமின் கிட்டாரிஸ்ட் யூரோனிமஸ், சக இசைக்காரர் ஒருவரால் கொல்லப்பட்டார். இனவெறியைப் பாட்டாக்கிய குழுக்களும் இந்த வட்டத்தில் உண்டு. அவற்றை எவ்வளவு நல்ல ரிஃப் இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். வெறுப்பில்லாமல் இந்த இசையின் உக்கிரத்தைக் கொண்டுவர முடியும் என்பதற்குப் பெங்களூரும் சிங்கப்பூரும் சாட்சி.

★ தேசிய நூலகத்தில். டார்க்த்ரோன் குழுவின் 'எ பிளேஸ் இன் த நார்தர்ன் ஸ்கை' (1992) ஆல்பம் இன்று நார்வே தேசிய நூலகத்தின் நிரந்தரக் கண்காட்சியில் இருக்கிறது. ஒரு காலத்தில் நாடே அஞ்சிய இசையை அந்த நாடே தன் பண்பாட்டு ஆவணமாக ஏற்றுக்கொண்டது.

★ எங்கே தொடங்கலாம்? முதலில் காட் '666'. அதில் தாளமும் ராகமும் இன்னும் பிடிபடும். அடுத்து த்வேஷவின் 'ஸ்தூப', வார்த்தை பாதியாவது புரியும் என்பதால். பிறகு ருத்ராவின் 2005 'பிரம்மவித்யா'. காது பழகியதும் 'ஸ்வென்டெவித்'. ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது முழுசாகக் கேளுங்கள். முதல் முறை டிரம்மை மட்டும் பின்தொடருங்கள், அடுத்த முறை கிட்டாரை. மூன்றாவது முறையில் கூச்சல் பாட்டாகத் தொடங்கும்.

★ கடைசியாக ஒரு வேண்டுகோள். போலந்துப் பிள்ளைகளிடம் காசு இல்லை, கடையில் தட்டு இல்லை, ஆனால் போலிஷ் இருந்தது, ஸ்லாவியத் தெய்வங்கள் இருந்தன. நம்மிடம் கொற்றவை இருக்கிறாள், சுடலைமாடன் இருக்கிறார், கலிங்கத்துப்பரணியின் பேய்களும் போர்க்களமும் இருக்கின்றன. இந்த இசைக்கு இதைவிடப் பொருத்தமான கருப்பொருள் எங்கே கிடைக்கும்? தமிழில் இன்னும் நிறைய வர வேண்டும். அதுவரை, உள்ளூர்க் குழு ஒன்று எங்கே வாசித்தாலும் ஓசிப் பாஸ் கேட்காமல் டிக்கெட் வாங்கிப் போங்கள். பிடித்திருந்தால் ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கி, நண்பருக்கும் போட்டுக் காட்டுங்கள்.